கிடப்பில் போட்ட மனுக்கள்

டென்மார்க்கில் சட்டம் படிக்கும் எவரும் ‘தமில்சாயன்’ என்ற சொல்லைக் கடக்காமல் படிப்பை முடிப்பதில்லை. தமிழர் வழக்கு என்று பொருள். பத்தாண்டுக்கும் மேலாக ஆண்ட ஒரு பிரதமர் அந்த வழக்கால் பதவி இழந்தார். ஒரு முன்னாள் நீதி அமைச்சர் குற்றவாளி என்று தீர்ப்பானது. வழக்குக்குப் பெயர் கொடுத்த தமிழர்கள் செய்தது ஒன்றே ஒன்று: மனைவியையும் பிள்ளைகளையும் தங்களிடம் அழைத்துக்கொள்ள மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அதிகாரத்தில் அமர்பவர் மீது புகார் எழுந்தால் மக்கள் மன்றம் அதை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதே இந்த உரையின் பொருள். இந்தக் கேள்வி வந்ததும் பலருக்கும் நினைவில் எழுவது அமெரிக்க செனட்டின் விசாரணை மண்டபம். 1991 அக்டோபரில் அங்கே சட்டப் பேராசிரியர் அனிதா ஹில், உச்ச நீதிமன்றத்துக்குப் பெயர் முன்மொழியப்பட்டிருந்த கிளாரன்ஸ் தாமஸ் தன்னிடம் தகாத முறையில் பேசினார் என்று சாட்சி சொன்னார். தாமஸ் மறுத்தார். 52–48 என்ற வாக்கில் நீதிபதியானார். 2018 செப்டம்பர் 27 அன்று கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டு, பிரெட் கேவனா மீது அதே போன்ற மேடையில் புகார் சொன்னார். கேவனாவும் மறுத்தார், 50–48 என்ற வாக்கில் பதவி ஏற்றார். இரண்டு முறையும் புகார் சொன்ன பெண் முழு நாட்டின் கண் முன் சோதிக்கப்பட்டார். கேள்வி கேட்டவர்களே வாக்களித்தவர்கள். உண்மையைத் தேடக் கிடைத்த அவகாசமோ சில நாட்கள்.

டென்மார்க்கில் இப்படி ஒரு மண்டபமே கிடையாது.

அங்கே புதிய அமைச்சரவை அமைந்தால், பிரதமர் தன் சகாக்களை அழைத்துக்கொண்டு கோபன்ஹேகனின் அமாலியன்போர் அரண்மனைக்குப் போவார். மன்னரோ அரசியோ ஏற்றுக்கொண்டதும் எல்லாரும் அரண்மனைச் சதுக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு பழைய அமைச்சர் புதியவரிடம் பொறுப்பை ஒப்படைத்து ஒரு சிறு பரிசும் கொடுப்பார். நாடாளுமன்றமான ஃபோல்கெட்டிங் யாரையும் முன்கூட்டி விசாரிப்பதில்லை, யாருக்கும் ஒப்புதல் வாக்கு அளிப்பதும் இல்லை. அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கேட்பது ஒன்றுதான்: 179 பேர் கொண்ட அவையில் பெரும்பான்மை உங்களுக்கு எதிராகத் திரும்பியிருக்கக் கூடாது. ஆதரவை நிரூபிக்க வேண்டியதில்லை. எதிர்ப்பு இல்லாதவரை நாற்காலி நிலைக்கும்.

இதன் விலையை டேனிஷ் மக்கள் அவ்வப்போது கொடுத்திருக்கிறார்கள். ஜெப்பே கோஃபோட் என்ற சமூக ஜனநாயகக் கட்சி உறுப்பினர் 2008-இல், 34 வயதில், கட்சி இளைஞர் அமைப்பின் நிகழ்ச்சியொன்றில் 15 வயதுப் பெண்ணுடன் உறவு கொண்டது வெளியே வந்தது. சட்டப்படி அது குற்றமாகவில்லை. ஆனாலும் கட்சியின் பேச்சாளர் பொறுப்புகளிலிருந்து அவர் விலகினார். 2019 ஜூனில் அவரே வெளியுறவு அமைச்சரானார். அந்தப் பழைய சம்பவம் பற்றி எந்தக் குழுவும் அவரை உட்கார வைத்துக் கேட்கவில்லை. கேட்க வழியும் இல்லை. 2020 இலையுதிர் காலத்தில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் சோஃபி லின்டெ பாலியல் தொல்லை பற்றித் தொடங்கி வைத்த பேச்சால் நாடு முழுக்கப் பெண்கள் வாய் திறந்தார்கள். அக்டோபர் 7 அன்று ராடிகாலெ வென்ஸ்ட்ரெ கட்சித் தலைவர் மோர்டன் ஓஸ்டர்கோர் விலகினார். 19 அன்று கோபன்ஹேகன் தலைமை மேயர் பிராங்க் யென்சன் விலகினார். கோஃபோட் மீண்டும் வருத்தம் தெரிவித்தார்; 2022 டிசம்பர் வரை அமைச்சராக நீடித்தார். ஒரே வகைப் புகாருக்கு ஒருவர் வீட்டுக்குப் போகிறார், இன்னொருவர் பதவியில் இருக்கிறார். எது எங்கே ஏன் என்று அளந்து சொல்ல ஒரு முறைமை இல்லாதபோது, கட்சித் தலைமையின் விருப்பமும் நாளிதழ்களின் வேகமுமே தீர்ப்பு எழுதுகின்றன. புகார் சொன்ன பெண்களுக்கும் இது நியாயமில்லை, சொல்லப்பட்டவர்களுக்கும் இல்லை.

நூறு ஆண்டுக்கு முந்தைய பாடமும் உண்டு. 1901 முதல் நீதி அமைச்சராக இருந்த பி. ஏ. அல்பெர்ட்டியின் பண விவகாரங்கள் பற்றி அவையில் திரும்பத் திரும்பச் சந்தேகம் எழுப்பப்பட்டது. ஆளுங்கட்சி காத்து நின்றது. 1908 செப்டம்பர் 8 அன்று அவரே காவல் நிலையத்துக்கு நடந்து போய், தான் நடத்திய விவசாயிகள் சேமிப்பு வங்கியின் பணத்தைக் கையாடிவிட்டதாகச் சரணடைந்தார். தொகை சுமார் ஒன்றரைக் கோடி குரோனர்.

ஆக, வாசலில் காவல் இல்லாத வீடு அது. ஆனால் உள்ளே நுழைந்தவரைப் பின்னால் பிடிக்க டேனிஷ்காரர்கள் பல அடுக்குகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஃபோல்கெட்டிங்கின் குழு எந்த அமைச்சரையும் ‘சம்ரோட்’ என்ற ஆலோசனைக்கு அழைத்துக் கேள்வி கேட்கலாம். தவறு என்று கண்டால் கண்டனம் தெரிவிக்கலாம். அந்தக் கண்டனத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘நேஸே’, அதாவது மூக்கு. 2020-இல் சட்ட அதிகாரமே இல்லாமல் நாட்டின் மிங்க் பண்ணைகளில் இருந்த விலங்குகள் அனைத்தையும் கொல்ல உத்தரவிட்ட விவகாரத்தில், பிரதமர் மெட்டெ ஃபிரடெரிக்சனே 2022 ஜூலையில் ஒரு ‘மூக்கு’ வாங்கினார். இதற்கு மேல் 1955 முதல் இயங்கும் நாடாளுமன்ற ஓம்புட்ஸ்மன் அலுவலகம். அதற்கும் மேல் நீதிபதி தலைமையிலான விசாரணை மன்றம். உச்சியில் ரிக்ஸ்ரெட்டன்: உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் 15 பேர் வரையும், நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் அதே எண்ணிக்கையிலான உறுப்பினர்களும் சேர்ந்து அமரும் சிறப்பு நீதிமன்றம். அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே அமைந்தது. நாடாளுமன்ற உறுப்பினராக இருப்பவர் அதில் அமர முடியாது.

இந்த அடுக்குகள் எல்லாவற்றின் மீதும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிய வழக்குதான் தமிழர் வழக்கு.

1983-இல் டென்மார்க் அயல்நாட்டார் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. ஐரோப்பாவிலேயே தாராளமான சட்டங்களில் ஒன்று அது. அகதியாக ஏற்கப்பட்டவர் தன் துணையையும் வயது வராத பிள்ளைகளையும் அறுபது வயது கடந்த பெற்றோரையும் அழைத்துக்கொள்வதை அது உரிமையாக எழுதி வைத்தது. சலுகை என்று எழுதவில்லை. அதே 1983-இன் ஜூலையில்தான் கொழும்பு எரிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் யூட்லாந்தின் சிற்றூர்களுக்குத் தமிழ் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். அகதி என்று ஏற்கப்பட்டதும், சட்டம் சொன்னபடி குடும்பத்துக்காக மனு போட்டார்கள்.

நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சென், கன்சர்வேடிவ் கட்சியின் மூத்தவர், முன்பு பாதுகாப்பு அமைச்சராகவும் நிதி அமைச்சராகவும் இருந்தவர். 1987 ஜூலையில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் அமைதி திரும்புகிறது, இவர்கள் சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம், பிறகு குடும்பம் எதற்கு இங்கே வர வேண்டும் என்பது அமைச்சரின் கணக்கு. அந்தச் செப்டம்பரில் தமிழ் அகதிகளின் குடும்ப மனுக்களை எடுக்க வேண்டாம் என்று வாய்வழியாகவும் குறிப்புகள் வழியாகவும் அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டது. சட்டம் மாற்றப்படவில்லை. மனுக்கள் நிராகரிக்கப்படவும் இல்லை. நிராகரித்திருந்தால் மேல்முறையீடு செய்திருப்பார்கள். மனு இருந்த இடத்திலேயே இருந்தது.

நம் ஊரில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: கிடப்பில் போடுவது. தாலுகா அலுவலகப் படி ஏறிய யாருக்கும் அந்தச் சொல்லின் எடை தெரியும். இல்லை என்று சொன்னால் சண்டை போடலாம்; பார்க்கிறோம் என்று சொன்னால் என்ன செய்வது?

அமைச்சர் அமைதி திரும்பிவிட்டது என்று கணக்குப் போட்ட நேரத்தில் யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1987 அக்டோபர் 10 அளவில் இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் துப்பாக்கிச் சூடு நடந்து மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் இறந்தார்கள். அந்த நகரத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் இருந்த மனைவிமாரின் பெயர்கள்தான் கோபன்ஹேகனில் ஒரு மேசையில் அடுக்கப்பட்டிருந்தன.

1988-இல் புகார் ஓம்புட்ஸ்மன் ஹான்ஸ் கம்மெல்டோஃப்ட்-ஹான்செனிடம் போனது. அவருக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கோப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் இருந்தது. இந்த வழக்கின் உயிர் அந்த ஒரு அதிகாரத்தில்தான் இருக்கிறது. 1989 மார்ச்சில் அவருடைய அறிக்கை வந்தபோது, மனுக்கள் தானாகத் தாமதமாகவில்லை என்பது தெரிந்துவிட்டது.

அதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது. 1989 ஜனவரி அமைச்சரவை மாற்றத்தில் நின்-ஹான்சென் நீதித்துறையை விட்டார். அவரை ஃபோல்கெட்டிங் தன் அவைத்தலைவராகத் தேர்ந்தெடுத்தது. முன்கூட்டிய விசாரணை எங்கேனும் தேவைப்பட்டது என்றால் அது இந்த இடத்தில்தான். அமைச்சரைப் பிரதமர் நியமிக்கலாம். அவைத்தலைவரை அவையே தேர்கிறது. அகதி மனுக்கள் என்னவாயின என்று அந்த நாளில் ஒருவர் எழுந்து கேட்டிருக்கலாம். ஒன்பது மாதத்தில், 1989 அக்டோபரில், அந்தத் தலைவர் இருக்கையிலிருந்து அவர் இறங்க நேர்ந்தது. நான்கு ஆண்டில் அதே அவை அவர் மீது குற்றம் சாட்டியது.

பிரதமர் போல் ஷ்லூட்டர் 1989 ஏப்ரல் 25 அன்று அவையில் எழுந்து, கம்பளத்துக்கு அடியில் எதையும் பெருக்கித் தள்ளவில்லை என்றார். டென்மார்க்கில் இன்றும் எல்லாருக்கும் நினைவிருக்கும் வாக்கியம் அது. 1990-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி மோகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை மன்றம் அமர்ந்தது. அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். யார் யாரிடம் எப்போது என்ன சொன்னார்கள், எந்தக் குறிப்பில் சட்டவிரோதம் என்ற எச்சரிக்கை இருந்தது, அதை யார் படித்தார்கள் என்று காகிதம் காகிதமாகக் கேட்டார்கள். அனிதா ஹில் வாஷிங்டனில் சாட்சி சொன்ன அதே காலத்தில், கோபன்ஹேகனில் இந்த விசாரணை எந்த அவசரமும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. 1993 ஜனவரி 14 அன்று ஆயிரக்கணக்கான பக்கங்களில் அறிக்கை வெளியானது. பிரதமர் அவையைத் தவறாக வழிநடத்தினார் என்று அது சொன்னது. அன்றே ஷ்லூட்டர் பதவி விலகினார். ஜனவரி 25 முதல் போல் நூரூப் ராஸ்முசென் பிரதமர்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். பிரதமர் வீழ்ந்தது அவையிடம் உண்மையை மறைத்ததற்காக. நின்-ஹான்செனின் மீது 1993 ஜூனில் ஃபோல்கெட்டிங் சுமத்திய குற்றச்சாட்டு வேறு: 1964-ஆம் ஆண்டின் அமைச்சர் பொறுப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவின்படி, சட்டம் கொடுத்த உரிமையைத் தமிழ் அகதிகளுக்கு மறுத்துத் தன் கடமையை மீறினார் என்பது. 1910-க்குப் பிறகு முதல் முறையாக ரிக்ஸ்ரெட்டன் கூடியது. 1994-இல் அவரைப் பக்கவாதம் தாக்கியது. வழக்கு நிற்கவில்லை. 1995 ஜூன் 22 அன்று நான்கு மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக. அப்போது அவருக்கு வயது 73. அவர் ஸ்ட்ராஸ்பூர்க்கின் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய், அரசியல் கட்சிகள் தேர்ந்த உறுப்பினர்கள் அமர்ந்த மன்றம் நடுநிலையானதல்ல என்று முறையிட்டார். 1999 மே மாதம் அந்த மனு ஏற்கத்தக்கதல்ல என்று முடிவானது.

சிறைக்கே போகாத ஒரு தண்டனையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு மனுவை எடுக்காமல் வைத்திருப்பதே குற்றம் என்று ஒரு நாட்டின் உச்ச மன்றம் எழுதியதில்தான் எல்லாம் இருக்கிறது. லஞ்சம் வாங்கவில்லை, பணம் சேர்க்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ஒரு கோப்பை நகர விடவில்லை, அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவர்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமையும் கிடையாது. அவர்களுக்காகக் குரல் கொடுத்தால் ஓட்டு கூடும் என்று எந்தக் கட்சியும் எண்ணியிருக்க முடியாது. அப்படியிருந்தும் சட்டம் அவர்கள் பக்கம் நின்றது.

அந்தத் தீர்ப்பு வெறும் காகிதமாகிவிடவில்லை என்பதற்கு 2021 சாட்சி. குடியேற்ற அமைச்சராக இருந்த இங்கர் ஸ்டொய்பேர், தஞ்சம் கேட்டு வந்த தம்பதியரில் ஒருவர் 18 வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் இருவரையும் பிரித்து வைக்க 2016 பிப்ரவரியில் உத்தரவிட்டிருந்தார். ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்ற சட்டத்தை மீறி 23 தம்பதிகள் பிரிக்கப்பட்டார்கள். அங்கேயும் புகார் முதலில் போனது ஓம்புட்ஸ்மனிடம்; பிறகு விசாரணை ஆணையம்; பிறகு 141–30 என்ற வாக்கில் குற்றச்சாட்டு; 2021 டிசம்பர் 13 அன்று 26 நீதிபதிகளில் 25 பேர் குற்றவாளி என்று சொல்ல, 60 நாள் சிறை. ஒரு வாரத்தில் ஃபோல்கெட்டிங் அவரை உறுப்பினர் பதவியிலிருந்தும் நீக்கியது. அவர் அடுத்த ஆண்டே புதிய கட்சி தொடங்கி 2022 நவம்பர் தேர்தலில் 14 இடங்களோடு அவைக்குத் திரும்பினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாக்காளரின் தீர்ப்பு வேறு, நீதிமன்றத்தின் தீர்ப்பு வேறு; இரண்டையும் அந்த நாடு தனித்தனியே வைத்திருக்கிறது.

நம் பக்கம் திரும்பினால் 1993 என்ற ஆண்டு உறுத்துகிறது. நின்-ஹான்செனுக்கு எதிராக கோபன்ஹேகன் வாக்களிப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, மே 11 அன்று, டெல்லி மக்களவையில் தமிழ்நாட்டைச் சேர்ந்த உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமியை நீக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. பஞ்சாப்–ஹரியானா தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுப் பணத்தில் வீட்டுச் சாமான்கள் வாங்கியது உட்பட 14 குற்றச்சாட்டுகள். நீதிபதி பி. பி. சாவந்த் குழு 11 நிரூபணமானதாகச் சொல்லியிருந்தது. அவையில் நின்று கபில் சிபல் அவருக்காக வாதாடினார். ஆதரித்து 196 வாக்குகள். எதிர்த்து ஒன்றுகூட இல்லை. காங்கிரஸ் தரப்பு 205 பேர் வாக்களிக்காமல் இருந்துவிட்டார்கள். தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் தீர்மானம் தோற்றது. உண்மையைக் கண்டறியும் வேலை அங்கே மிக ஒழுங்காகவே நடந்தது. கண்டறிந்ததை ஏற்கும் நெஞ்சுரம்தான் அவையில் இல்லாமல் போனது.

கொழும்பில் இரண்டுமே இல்லை. 2012 இறுதியில் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை விசாரிக்க அமைந்த தெரிவுக்குழுவில் ஆளுந்தரப்பினர் ஏழு பேர், எதிர்த்தரப்பினர் நான்கு பேர். விசாரணை சில வாரங்கள். முறையான வாய்ப்புத் தரப்படவில்லை என்று தலைமை நீதியரசர் வெளியேறினார், மறுநாள் இரா. சம்பந்தன் உள்ளிட்ட எதிர்த்தரப்பினரும் வெளியேறினார்கள். 2013 ஜனவரியில் 155–49 என்று வாக்கெடுப்பு முடிந்து அவர் நீக்கப்பட்டார். குற்றம் சாட்டுவோர், விசாரிப்போர், வாக்களிப்போர் எல்லாரும் ஒருவரே ஆகும்போது விசாரணைக்கு என்ன பெயர் வைத்தாலும் அது விசாரணை ஆகாது.

நியமனத்துக்கு முன்பே கேள்வி கேட்பதன் பயனை இந்தியாவும் ஒரு முறை கண்டது. 2010 செப்டம்பரில் மத்திய கண்காணிப்பு ஆணையராக பி. ஜே. தாமஸைத் தேர்ந்த மூவர் குழுவில் மன்மோகன் சிங், ப. சிதம்பரம், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் இருந்தார்கள். தாமஸ் மீது பாமாயில் இறக்குமதி வழக்கு நிலுவையில் இருக்கிறதே என்று சுஷ்மா எழுத்தில் மறுப்புப் பதிவு செய்தார். மற்ற இருவரும் அதை மீறினார்கள். 2011 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனத்தையே ரத்து செய்தது. ஒரு தாளில் எழுதப்பட்ட மறுப்பு அந்த வேலையைச் செய்தது.

டேனிஷ் அரசியல்வாதிகளும் முன்விசாரணையை முற்றிலும் அறியாதவர்கள் அல்லர். ஐரோப்பிய ஆணையத்துக்குப் போகும் டேனிஷ்காரர்கள் ஐரோப்பிய நாடாளுமன்றக் குழுக்களின் முன் மணிக்கணக்கில் பதில் சொல்லியே தேர்வாகிறார்கள். 2014-இல் மார்கிரேத்தே வெஸ்டாயர் அப்படித்தான் போனார். அதே முறையில் 2019-இல் பிரான்சின் சில்வி கூலார் 82–29 என்று திருப்பி அனுப்பப்பட்டார். கோபன்ஹேகனில் அமைச்சராக ஒரு கேள்வியும் இல்லை, பிரஸ்ஸல்ஸில் ஆணையராக நூறு கேள்வி. இந்த முரணைச் சரிசெய்ய டென்மார்க் இன்னும் முனையவில்லை. முனைய வேண்டும் என்பதே இந்த உரையின் கருத்து. ஆனால் வாஷிங்டனைப் பார்த்து அல்ல. கோப்பைத் திறந்து பார்க்கும் ஓம்புட்ஸ்மன் போன்ற ஒருவர் முதலில் புகாரைத் தனியாக விசாரித்து எழுதட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவை கேட்கட்டும். புகார் சொன்னவர் கேமராக்களின் முன் தன் காயத்தைக் காட்டித்தான் நம்பிக்கை பெற வேண்டும் என்ற நிலை அப்போது வராது.

தமிழர் வழக்கிலும் ஒரு குறை உண்டு, அது இதற்கு நேர் எதிரானது. அமைச்சர், அதிகாரி, ஓம்புட்ஸ்மன், நீதிபதி என்று பேசியவர்கள் ஏராளம். அந்தப் பதினாறு மாதங்களில் அஞ்சல்காரருக்காகக் காத்திருந்த கணவனும், யாழ்ப்பாணத்தில் பதுங்கு குழிக்கு ஓடிய மனைவியும் அந்தக் கதையின் ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள். 1989-இல் மனுக்கள் மீண்டும் எடுக்கப்பட்டன; குடும்பங்கள் வந்து சேர்ந்தன. இன்று ஹெர்னிங்கில் விநாயகருக்கும் பிராண்டேயில் அபிராமி அம்மனுக்கும் கோயில் இருக்கிறது, கோடையில் தேர் ஓடுகிறது. வடம் பிடிப்போரில் அன்று மனுவில் பெயராக மட்டும் இருந்த பிள்ளைகளும் இருக்கக்கூடும். இப்போது அவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயது. அவர்களின் பெற்றோரிடம் போய், 1987 செப்டம்பரிலிருந்து 1989 ஜனவரி வரை நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டுத் தமிழில் எழுதி வைக்க இன்னும் காலம் இருக்கிறது.